லோயர் கேம்ப்ல ஒரு பானைப் பொங்கல்

கம்பத்துல குமுளி பஸ் ஏறினா, கூடலூர் தாண்டினதும் வயல் எல்லாம் முடிஞ்சு மலை நேரா முன்னாடி வந்து நிக்கும். அந்த மலை மேல இருந்து நாலு ராட்சதக் குழாய் இறங்கி வர்ற இடம்தான் லோயர் கேம்ப். ஒரு மின் நிலையம், கொஞ்சம் கடைகள், ரோட்டோரம் ஒரு மணிமண்டபம். தேக்கடிக்குப் போற டூரிஸ்ட் வண்டிகள் பெரும்பாலும் அங்க நிக்காது. ஆனா ஜனவரி 15 அன்னிக்குப் போய்ப் பாருங்க. மண்டபத்துக்கு முன்னாடி வரிசையா கல் கூட்டி அடுப்பு, மண்பானை, மஞ்சள் கொத்து, கண்ணைக் கரிக்கிற புகை, நடுநடுவே குலவைச் சத்தம். அத்தனை பானையும் பெரிய மீசை வெச்ச ஒரு இங்கிலீஷ்கார இன்ஜினியருக்காகப் பொங்குது.

கர்னல் ஜான் பென்னிகுவிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர். பிறந்த நாள் 1841 ஜனவரி 15. பொங்கலும் அவர் பிறந்த நாளும் ஒட்டி வர்றது தற்செயல்தான். ஆனா எங்க அப்பத்தாகிட்ட அதைத் தற்செயல்னு சொல்லிட்டுத் தப்பிக்க முடியாது.

முதல்ல பொங்கலைச் சொல்லிடறேன். ஏன்னா போன வருஷம் ஹாஸ்டல் ரூம்ல திருட்டுத்தனமா இண்டக்‌ஷன் அடுப்புல நானும் ரெண்டு பேரும் சேர்ந்து பொங்கல் வெச்சு, அது கல்லு கல்லா வந்து, கடைசில பிரெட் தின்னு படுத்தோம். என்ன தப்பு பண்ணோம்னு அப்பத்தாகிட்ட கேட்டப்பதான் இந்தக் கட்டுரையே ஆரம்பிச்சது.

அப்பத்தா கணக்கு இது. ஒரு படி பச்சரிசிக்குக் கால் படி பாசிப்பருப்பு. பருப்பை வாசம் வர்ற வரைக்கும் லேசா வறுத்துக்கணும். தண்ணியும் பாலுமா சேர்த்து அரிசிக்கு அஞ்சு பங்கு. புது அரிசின்னா நாலரை போதும், இல்லன்னா குழைஞ்சு கூழாயிடும். பானையில முதல்ல பாலும் தண்ணியும் மட்டும்தான். அது பொங்கி வழிஞ்ச பிறகுதான் குலவை போட்டு அரிசி, பருப்பைப் போடணும். வெல்லம் ஒன்றரைப் பங்கு, தனியாக் காய்ச்சி மண்ணு போக வடிகட்டி வெச்சுக்கணும். அரிசி நல்லா மலர்ந்து, விரலால நசுக்கினா நடுவுல விதை தட்டாத பதம் வந்த பிறகுதான் வெல்லப்பாகு. நாங்க பண்ண தப்பு இதுதான்: வெல்லத்தை அரிசியோடவே போட்டுட்டோம். சர்க்கரை தண்ணியைத் தன் பக்கம் பிடிச்சு வெச்சுக்கும். ஸ்டார்ச் ஊதி வேகுறதுக்கு வேண்டிய வெப்பநிலையும் ஏறிடும். அப்புறம் எவ்வளவு நேரம் கொதிச்சாலும் அரிசி வேகாது. அப்பத்தாவுக்கு ஸ்டார்ச் எல்லாம் தெரியாது. வெல்லம் பட்டா அரிசி இறுகிப் போகும்னு தெரியும். கடைசில நெய், முந்திரி, தட்டிப் போட்ட ஏலக்காய்.

அரிசி எங்க வயல்ல முதல் போகத்துல வந்தது. ஏலக்காய் மேல குமுளி மலைத் தோட்டத்துல விளைஞ்சது. தண்ணி பெரியாத்துத் தண்ணி. அந்தப் பானையில இருக்கிறதுல பாதிக்கு மேல பென்னிகுவிக் சம்பந்தப்பட்டதுன்னு யோசிச்சுப் பார்த்தப்ப, அவர் வாழ்க்கையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

அவர் பிறந்தது புனேயில். அப்பாவும் ஜான் பென்னிகுவிக்தான், ராணுவத்தில் பிரிகேடியர். இரண்டாம் சீக்கியப் போரில், 1849 ஜனவரி 13 அன்று சிலியன்வாலா என்ற இடத்தில் நடந்த சண்டையில் அப்பா செத்துப் போனார். அதே சண்டையில், அதே நாளில், 17 வயசு அண்ணன் அலெக்சாண்டரும் போயிட்டான். நம்ம ஆளுக்கு எட்டு வயசு முடிய இன்னும் ரெண்டு நாள் இருந்தது. எந்தப் பிறந்த நாளுக்கு இன்னிக்கு லோயர் கேம்ப்ல குலவை போடுறாங்களோ, அந்த நாள் அந்த வீட்டுல எப்படி இருந்திருக்கும்னு நினைச்சா கொஞ்சம் தொண்டை அடைக்குது.

அப்புறம் இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரி, அதன் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவப் பயிற்சிப் பள்ளி. 1858ல் மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படையில் லெப்டினன்ட். 1860ல் இந்தியா வந்து சேர்ந்தார். அடுத்த 36 வருஷத்துல பெரும்பகுதி சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையிலேயே போச்சு. கிரிக்கெட் பைத்தியம். 1879ல் கிரேஸ் ஜார்ஜியானா சாமியர் என்பவரைக் கல்யாணம் செய்தார். ஐந்து மகள்கள், ஒரு மகன்.

இந்த இடத்துல ஒரு சின்னத் திருப்பம், மன்னிச்சுக்கங்க. அதே காலத்தில், அதே சென்னை ராணுவத்தில் கென்னி ஹெர்பர்ட் என்று இன்னொரு அதிகாரி இருந்தார். பென்னிகுவிக்கை விட ஒரு வயசு மூத்தவர். அவர் 1878ல் வைவர்ன் என்ற புனைபெயரில் சென்னை வெள்ளைக்காரக் குடும்பங்களுக்காக ஒரு சமையல் புத்தகம் எழுதினார், ஹிக்கின்பாதம்ஸ் போட்டது. கப்பல்ல தகர டப்பாவில் வர்ற மீனையும் லாப்ஸ்டரையும் நம்பிக் கிடக்காதீங்க, இங்க சந்தையில கிடைக்கிற புதுச் சரக்கை வெச்சு வீட்டுலயே நல்லா சமைக்கலாம்ங்கிறதுதான் அவர் கட்சி. வெண்ணெய் போட்டுப் பிசைஞ்ச மாவை மூடி வெச்சு அவனில் வேக வைக்கிற பை எல்லாம் அந்த மேஜைகளில் சகஜம். ஒரு பக்கம் அந்த மேஜை. இன்னொரு பக்கம், அந்தப் புத்தகம் வந்த அதே நேரத்தில், 1876ல் தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் இந்த மாகாணத்தில் பல லட்சம் பேர் சோறில்லாமல் செத்துக்கிட்டிருந்தாங்க. அரிசிங்கிற சொல்லுக்கு அன்னிக்கு என்ன எடை இருந்ததுன்னு புரியாம, இந்த அணையின் கதை புரியாது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் கொட்டோ கொட்டுன்னு மழை. பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடல்ல கலக்குது. இந்தப் பக்கம் மழை மறைவு. வைகை பாதி வருஷம் மணல். நடுவுல ஒரு மலைமுகடு. அதைக் குடைஞ்சா தண்ணி இந்தப் பக்கம் வரும் என்ற யோசனை பென்னிகுவிக்கின் சொந்த யோசனை இல்லை. 1789லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதை ஆராய்ந்து, செலவு தாங்காதுன்னு விட்டுட்டார். 1808ல் கேப்டன் கால்டுவெல் பார்த்துட்டு நடக்காதுன்னு எழுதிட்டார். 1850ல் சின்னதா ஒரு வேலை தொடங்கி, காய்ச்சலுக்குப் பயந்து ஆள் ஓடி, நின்னு போச்சு. 1860களில் மேஜர் ரைவ்ஸ் மண் அணை போடலாம்னு திட்டம் கொடுத்தார். அதுவும் கோப்புல தூங்கிச்சு. பஞ்சம் வந்து போன பிறகு, 1882ல், பென்னிகுவிக்கிடம் திட்டத்தைத் திருத்தி எழுதச் சொன்னாங்க. 1884ல் ஒப்புதல். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம்: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், ஆக வருஷத்துக்கு 40,000 ரூபாய். அந்தக் கையெழுத்து எவ்வளவு மனமுவந்து போட்டதுங்கிறது இன்னிக்கும் சண்டை.

1887ல் வேலை ஆரம்பம். இடம் அடர்ந்த காடு. யானை, புலி, அட்டை, அதையெல்லாம் விட மோசமா மலேரியா. சாமான் எல்லாம் கீழே கூடலூர்ப் பக்கத்தில் இருந்து மேலே போகணும். மாட்டு வண்டி, கம்பி வட ரோப்வே, அப்புறம் படகு. சிமென்ட் கிடையாது. அணையின் இரண்டு முகத்திலும் கருங்கல் கட்டு, நடுவுல சுண்ணாம்பு சுர்க்கிக் கான்கிரீட். அடித்தளத்தில் இருந்து 176 அடி உயரம், 1,200 அடி நீளம்.

இந்த சுர்க்கியில்தான் நான் பானைக்குத் திரும்ப வர்றேன். சுர்க்கின்னா சுட்ட செங்கல்லை அரைச்ச தூள். வெறும் சுண்ணாம்புச் சாந்து காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடை எடுத்துத்தான் இறுகும். தண்ணிக்குள்ள, கனமான சுவருக்கு நடுவுல அது நடக்காது. சுட்ட களிமண்ணில் இருக்கிற சிலிகாவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்தா, தண்ணியிலேயே இறுகுற பிணைப்பு வரும். நம்ம செகண்ட் இயர்ல போசோலானான்னு மனப்பாடம் பண்ணோமே, அதேதான். ஆனா வரிசை தப்பக் கூடாது. சுட்ட சுண்ணாம்பு முழுசா நீர்த்துப் போகணும். நீர்க்காத துணுக்கு உள்ள மாட்டிக்கிட்டா, அப்புறம் அது ஊதி வெடிப்பு விடும். அரிசி மலராம வெல்லம் போடாதேங்கிற அப்பத்தாவும், சுண்ணாம்பு நீர்க்காம சுர்க்கி போடாதேங்கிற மேஸ்திரியும் ஒரே ஜாதி ஆளுங்க. எங்க ஊர்ல அணைக்குக் கருப்பட்டியும் கடுக்காயும் போட்டாங்கன்னும் சொல்லுவாங்க. இன்ஜினியர்கள் எழுதி வெச்சது சுண்ணாம்பு, சுர்க்கி, மணல், கல்தான்.

பானை பொங்கி வழிஞ்சா நமக்கு நல்ல சகுனம். அவருக்கு வழியிறதுதான் எமன். ஆத்தை ஒதுக்கி அஸ்திவாரம் போட தற்காலிகத் தடுப்பு கட்டணும், வெள்ளம் வந்து அதை அடிச்சுக்கிட்டுப் போகும், திரும்பக் கட்டணும், திரும்பப் போகும். வருஷத்துல வேலை பார்க்க முடிஞ்ச மாசங்கள் கொஞ்சம்தான். ஒரு பக்கம் காய்ச்சல் சீசன், இன்னொரு பக்கம் வெள்ள சீசன். அந்த இடுக்குல எட்டு வருஷம் ஓட்டினார்.

அணை பாதி வேலைதான். அதுக்குச் சமமான மீதி, மலையைக் குடைஞ்ச சுரங்கம்: 5,704 அடி. சுரங்கத்து வாய் 104 அடி மட்டத்துல இருக்கு. அதாவது ஒரு ஆத்தையே நூறு அடிக்கு மேல தூக்கி நிறுத்தினாத்தான் முதல் சொட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். அப்புறம் மலைச்சரிவில் விழுந்து, லோயர் கேம்ப் வந்து, வைரவனாறு, சுருளியாறு, வைகைன்னு மதுரை வரைக்கும் போகும். இன்னிக்கு அந்தச் சரிவுலதான் மின் நிலையக் குழாய்கள். மின் நிலையம் ஓடாதப்ப தண்ணி இரைச்சல் பாலம் வழியா இறங்கும். பேருக்கு ஏத்த சத்தம். 1895 அக்டோபர் 10ல் கவர்னர் வென்லாக் வந்து திறந்து வெச்சார்.

இப்ப கஷ்டமான இடத்துக்கு வர்றேன்.

எங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை ஒண்ணு இருக்கு. வெள்ளத்துல வேலை எல்லாம் போனதும் சர்க்கார் பணம் தர மாட்டேன்னுடுச்சு, பென்னிகுவிக் இங்கிலாந்து போய் சொத்தை வித்து, மனைவி நகையை வித்து, அந்தக் காசுல வந்து அணையைக் கட்டி முடிச்சார். அப்பத்தா இதைக் கிளறிக்கிட்டே சொல்லும். கிளறுற கை நிக்காது, குரல் மட்டும் இறங்கும். நான் சின்ன வயசுல இருந்து கேட்டு, ஸ்கூல் பேச்சுப் போட்டியில இதைச் சொல்லி டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருக்கேன்.

தேடிப் படிச்சப்ப அந்தக் கதைக்கு ஆவணம் எதுவும் கிடைக்கல. அணை சென்னை மாகாண அரசுப் பணத்துல கட்டினது. திட்டம், மதிப்பீடு, ஒப்புதல், வரவு செலவு எல்லாம் சர்க்கார் கணக்கு. தண்ணித் தீர்வை வரும்னு கணக்குப் போட்டுத்தான் அரசு பணத்தை இறக்குச்சு; வெறும் இரக்கம் கிடையாது. திட்டம் முக்கியமா மதுரை, மேலூர்ப் பக்கத்து நிலங்களை நினைச்சுப் போட்டது. நம்ம பள்ளத்தாக்கு அந்தத் தண்ணி போற வழியில இருந்த அதிர்ஷ்டசாலி. லோயர் கேம்ப்ல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோகம்.

இன்னொண்ணும் படிச்சேன். கட்டுமானத்தின் போது காலரா மாதிரி நோயில் செத்தவங்க 483 பேர். அணைக்கு வடக்கே ஒரு இடுகாட்டில் புதைச்சிருக்காங்க. வேலை பார்த்தவங்கள்ல சமவெளியில இருந்து கூலிக்குப் போனவங்க, மெட்ராஸ் பயனியர் படை ஆட்கள், கொச்சியில் இருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்கள் எல்லாரும் உண்டு. சாராயம் மட்டும் இல்லன்னா இந்த அணை முடிஞ்சிருக்காதுன்னு ஒரு பேச்சு உண்டு. காய்ச்சலுக்கு அதுதான் மருந்துன்னு நம்பினாங்களாம். சிரிப்பா இருந்தாலும், அந்தக் குளிர்ல வேற என்ன இருந்திருக்கும்.

இதையெல்லாம் அப்பத்தாகிட்ட சொல்லணுமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். போன ஜனவரி 15, மணிமண்டப வாசல்ல, பானைக்குப் பக்கத்துல உக்காந்து சொல்லிட்டேன். நகை வித்ததுக்கு ஆதாரம் இல்ல அப்பத்தா, சர்க்கார் பணம்தான், அந்தாளு வேலையைத்தான் பார்த்தாருன்னு. அது கொஞ்ச நேரம் பேசல. கோவமோன்னு பயந்துட்டேன். அப்புறம் விறகைத் தள்ளிவிட்டுட்டு, அந்த 483 பேருக்கு மேல யாரு சோறாக்கிப் போட்டதுன்னு கேட்டுச்சு. அரிசி எப்படிப் போச்சு, எத்தனை நாளுக்கு ஒருக்கா போச்சு, மழையில வண்டி நின்னா என்ன பண்ணாங்க. நான் நாலு நாளா அணையின் உயரம், நீளம், மட்டம் எல்லாம் குறிச்சு வெச்சிருந்தேன். அரிசி மூட்டை பத்தி ஒரு வரி குறிக்கல. அத்தனை ஆயிரம் பேருக்கு ஒவ்வொரு பிடி அரிசியும் அதே மலைப்பாதையில, சுண்ணாம்பு போன அதே வண்டியில ஏறியிருக்கணும்ங்கிறது அப்பதான் உறைச்சது.

நகை வித்தாருன்னு சொன்னாத்தான் அவரைப் பெரிய மனுஷனா ஒத்துக்குவோம்னா, வேலையைச் சரியாப் பார்க்கிற இன்ஜினியருக்கு நம்ம மனசுல இடமே இல்லைன்னு ஆகுது. சிவில் படிக்கிற எனக்கு அது கொஞ்சம் வலிக்குது. எட்டு வருஷம் அந்தக் காட்டுல, அடிச்சுக்கிட்டுப் போனதைத் திரும்பத் திரும்பக் கட்டினது போதாதா? ஆனா இதை அப்பத்தாகிட்ட சொல்லல. அடுத்த வருஷமும் அது நகைக் கதையைத்தான் சொல்லும்.

அணைக்கு அப்புறம் அவர் வாழ்க்கையைச் சீக்கிரம் சொல்லிடலாம். 1896ல் ஓய்வு. அடுத்து லண்டனுக்குப் பக்கத்தில் கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த ராயல் இந்தியன் இன்ஜினியரிங் காலேஜுக்குத் தலைவர், 1899 வரை. இந்தியப் பொதுப்பணித் துறைக்கு இன்ஜினியர்களைத் தயார் பண்ண காலேஜ் அது. நம்ம பிரின்சிபால் ஒரு ஆத்தையே திருப்பினவர்னா கிளாஸ் கட் அடிப்போமான்னு தெரியல. 1897ல் பெரியாற்றைத் திருப்பியது பற்றி லண்டன் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் விரிவான கட்டுரை ஒன்று சமர்ப்பித்தார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்துக்கு யோசனை சொல்லக் கூப்பிட்டதால் அங்கேயும் போனார். ஒரே மகன் ஜான், பின்னாளில் இங்கிலாந்தில் பெரிய நீதிபதி ஆனார். பென்னிகுவிக் 1911 மார்ச் 9ல் சர்ரே மாவட்டம் கேம்பர்லியில் இறந்தார். கல்லறை அங்கே பக்கத்து ஃப்ரிம்லி தேவாலயத்தில்.

இங்கே அவர் சாகவே இல்ல. பாலார்பட்டியில் ஊரே கூடி அவர் படத்தை வெச்சுப் பொங்கல் வைக்குது. தேனி புது பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பேர். பையனுக்கு அவர் பேரை வெச்ச வீடுகள் இருக்கு. மணிமண்டபம் 2013 ஜனவரி 15ல் திறந்தது. 2022ல் கேம்பர்லியிலும் தமிழ்நாடு அரசு அவருக்குச் சிலை வெச்சுது. அதே நேரம், எங்க கிளாஸ்ல இடுக்கிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் இருக்கான். அவன் வீட்டுல மழை பெருசா பேஞ்சா ராத்திரி தூங்க மாட்டாங்க. 2014ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம்னு சொன்னது எங்களுக்கு வெடி போட்ட நாள், அவங்களுக்கு அப்படி இல்ல. நூத்தி முப்பது வருஷம் நிக்கிற சுண்ணாம்பைப் பத்தி ரெண்டு பேரும் விடிய விடிய பேசியிருக்கோம். சண்டையும் போட்டிருக்கோம். போன தடவை ஹாஸ்டல்ல கல்லுப் பொங்கல் தின்ன மூணு பேர்ல அவனும் ஒருத்தன்.

அன்னிக்குப் பொங்கலை இறக்கினதும் அப்பத்தா முதல் கரண்டியை வாழையிலையில வெச்சு, மண்டபத்துப் பக்கம் காட்டி, ஒரு நிமிஷம் கண்ணை மூடிச்சு. அப்புறம் இன்னொரு இலையில ஒரு கரண்டி வெச்சு, மேல மலைப் பக்கமா தள்ளி வெச்சுது. யாருக்குன்னு நான் கேட்கல. மிச்சத்தைப் பக்கத்துப் பானைக்காரங்க, போலீஸ்காரங்க, குமுளி வண்டி டிரைவர்னு எல்லாருக்கும் கொடுத்தோம். அடிப்பிடிச்ச தீவலை நானே சுரண்டித் தின்னேன். அதுக்கு எப்பவும் போட்டி உண்டு.

வர்ற ஜனவரி 15 யாராவது வர்றதா இருந்தா, காலையில ஏழு மணிக்குள்ள லோயர் கேம்ப் வந்துடுங்க. மண்டபம் கேட்டுக்கு இடது பக்கம் மூணாவது அடுப்பு எங்களுது. தட்டு கொண்டு வாங்க. இடுக்கிக்காரன் ஏலக்காய் கொண்டு வர்றேன்னு சொல்லியிருக்கான்.